அண்ணன் வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். ஒரு பக்கம் வரிசையாகச் சிறு ஊசிகள், மறுபக்கம் அதே எண்ணிக்கையில் துளைகள். ஓரத்தில் சூடான கம்பியால் போட்ட ஓட்டை, சாவி வளையம் உராய்ந்து உராய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறது. அடியில் என் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறது. இது என்ன, யாரிடம் இருந்தது, எதைத் திறந்தது, எப்போதிலிருந்து எதையும் திறக்கவில்லை என்று அதில் எழுதி வைத்திருக்கிறேன். காகிதம் பழுத்துவிட்டதால் இரண்டு முறை மாற்றி எழுதி ஒட்டினேன்.

தொண்ணூறுகளில் சில மென்பொருள்களை வாங்கினால் இப்படி ஒரு பூட்டும் கூட வரும். கணினியின் முதுகில், பிரிண்டர் கம்பி செருகும் இடத்தில் இதைச் செருக வேண்டும். செருகாவிட்டால் அந்த மென்பொருளில் எதையும் எழுதவோ மாற்றவோ முடியாது; எழுதி முடித்ததை ஓட்ட மட்டும் பூட்டு வேண்டாம். மலாக்காவின் தெங்கேராவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த எங்கள் சிறிய ஆபீசில் இந்தப் பூட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அண்ணனின் மோட்டார் சைக்கிள் சாவியோடு சேர்ந்து, அவருடைய சட்டைப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் என் கூடப் பிறந்தவர் அல்லர். எங்கள் ஆபீசில் மூத்த ப்ரோகிராமர் அவர்தான் என்பதால் எல்லாருக்கும் அண்ணன். மெர்லிமாவிலிருந்து தினமும் மோட்டாரில் வருவார். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பையில் கறிபாப் பலகாரம் இருக்கும். படியேறும்போதே ஏதாவது ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துகொண்டிருக்கும். நானும், அலோர் காஜாவிலிருந்து பஸ்சில் வரும் என் தோழியும் அவருக்குக் கீழே வேலை செய்தோம். எங்கள் மூவருக்கும் மேலே பாஸ். எல்லாவற்றையும் தேதி போட்டுக் குறித்து வைக்கும் வழக்கம் எனக்கு இருந்ததால், அண்ணன் எனக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்.

ஒரு மார்ச் மாதத்தில் எங்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டும் சேர்த்து, ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த சில எஸ்டேட்டுகளின் கிளினிக் அட்டைகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். எந்த மென்பொருளில் செய்வது என்று முடிவெடுக்கப் பாஸின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எங்கள் மூவருக்கும் தெரிந்த பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அழகு கிடையாது. அண்ணன் சிங்கப்பூரில் பழகி வந்த புதியது ஒன்றும் இருந்தது. அதில் வண்ணம் வரும், நோயாளியின் படம் வரும், சுட்டியால் தட்டினால் கட்டங்கள் விரியும். பூட்டோடு வந்தது இதுதான்.

"பாருங்க பாஸ், ஒரு தட்டு தட்டுனா ஆளோட மூஞ்சியே வருது. பழசுல இத செய்யணும்னா நமக்கு முடி நரைச்சிடும்லா."

"அண்ணே, இது நம்ம மூணு பேர்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க இல்லாட்டி யாரு மாத்துவா?" என்றேன்.

"நான் எங்கம்மா போயிடுவேன்? மெர்லிமாவுக்கா? அங்கதான் தினமும் போறேனே."

பாஸ் சிரித்துவிட்டு, "ஏன்மா, ஆளு கல்லு மாதிரி உக்காந்திருக்கான். இப்பவே கருமாதிக்கு நாள் பாக்கறியா?" என்றார். தோழியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் என் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வருடம் கழித்து ஒரே ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னால் யார் சேர்ப்பார்கள்? இந்த மென்பொருளை மலாக்காவில் வேறு யாராவது கற்றுக்கொடுக்கிறார்களா? பூட்டு தொலைந்தால் இன்னொன்று எங்கே கிடைக்கும்? அதைச் செய்யும் கம்பெனியே மூடிவிட்டால்? யாரும் என்னோடு சண்டை போடவில்லை. தாள் மேசையில் கிடந்தது, அதன் மேலேயே கறிபாப் வைத்துச் சாப்பிட்டார்கள். எண்ணெய்க் கறையோடு அந்தத் தாளை நான் எடுத்து என் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தேன். இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றி ஒருத்தி திரும்பத் திரும்பப் பேசினால், கேட்கிறவர்களுக்கு அவள் அபசகுனமாகத்தான் தெரிவாள். புதிய மென்பொருளே முடிவானது.

என் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அதை நான் அந்த மேசையில் சொல்லவில்லை. சொந்த விஷயத்தை ஆபீசுக்குள் கொண்டுவருகிறாள் என்பார்களோ என்ற கூச்சம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவுக்குக் காலில் வெட்டுக்காயம் பட்டு, எஸ்டேட் கிளினிக்கில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சு அடைத்து, அம்மா பெஞ்சிலிருந்து சரிந்தார். எஸ்டேட்டில் நாங்கள் டிரெஸ்ஸர் என்று அழைக்கும் மருத்துவ உதவியாளர் வேறொரு ஊசி போட்டு, மானேஜரின் காரில் ஏற்றி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அம்மா பிழைத்தார். டிரெஸ்ஸர் அன்றே அம்மாவின் அட்டையில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பெனிசிலின் கூடாது என்று எழுதினார். அம்மாவுக்கு அந்த மருந்தின் பெயர் வாயில் நுழையாது. அவருக்கு ஊசி என்றால் ஊசிதான், காய்ச்சலை உடனே இறக்குவது.

ஜூலையில் மென்பொருளைக் கிளினிக்கில் நிறுவினோம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனங்கள் தங்கள் முகத்தைத் திரையில் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். எஸ்டேட் ஆபீசில் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து டிரெஸ்ஸர் ஆபீசுக்குப் போன் செய்தார். எடுத்தது நான்.

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டர்ல ரப்பர் பேண்ட் எங்க போடறது?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் விளக்கினார். எங்கள் எஸ்டேட்டில் பலருக்கு இரண்டு பெயர். ஐசியில், அதாவது அடையாள அட்டையில் ஒன்று, லயத்தில் கூப்பிடுவது ஒன்று. அம்மா ஐசியில் முனியம்மா, லயத்தில் பாக்கியம். கல்யாணமாகி வந்த புதிதில் பாக்கியம் என்று ஓர் அட்டை போட்டார்கள். பிறகு ஐசியைப் பார்த்து முனியம்மா என்று இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள் என்று டிரெஸ்ஸருக்குத் தெரியும். அதனால் இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அட்டைகளைத் தட்டச்சு செய்தபோது நானும் தோழியும் ரப்பர் பேண்டுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டோம். இரண்டு பெயரோடு வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள்தாம் நாங்கள் இருவரும். அப்படியிருந்தும் ஒவ்வொரு அட்டையையும் ஒவ்வொரு ஆளாக ஏற்றியிருந்தோம். சிவப்புக் கோடு பாக்கியத்துக்கு இருந்தது. முனியம்மாவுக்கு இல்லை.

"எனக்குப் பரவால்லம்மா, எனக்கு மூஞ்சி தெரியும்," என்றார் டிரெஸ்ஸர். "ஆனா டிசம்பரோட நான் பென்ஷன். பேராக்லேர்ந்து புதுசா ஒரு பையன் வர்றான். அட்டையெல்லாம் கரையான் புடிக்குது, கொளுத்திடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அப்புறம் அவனுக்கு உங்க பொட்டிதான்."

டிசம்பருக்கு நான்கரை மாதம் இருந்தது. ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். கூப்பிடும் பெயரையும் ஐசி பெயரையும் ஒன்றாகக் கட்டி, எந்தப் பெயரில் தேடினாலும் சிவப்புக் கோடு வரும்படி செய்ய வேண்டும். அண்ணனிடம் சொன்னேன். அடுத்த வாரம் செய்கிறேன் என்றார். அவர் கையில் வேறு இரண்டு வேலைகள் இருந்தன. அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். என் குறிப்பேட்டில் ஆறு வெள்ளிக்கிழமைகளில் 'இன்னும் இல்லை' என்று இருக்கிறது. இடையில் அவர் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு எங்கோ போய்வந்தார். எங்கே என்று சொல்லவில்லை. என் கண் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் மோட்டார் வரும் சத்தம் கேட்கும் வரை எனக்குக் காலையில் வேலை ஓடாது. மெர்லிமாவ் சாலையில் லோரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவரிடம் கேட்டேன். "ஒரே ஒரு நாள் அண்ணே. நீங்க ஆபீஸ்லயே உக்காருங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது, கீபோர்டத் தொடக் கூடாது. நீங்க இல்லாத மாதிரி. நாங்க ரெண்டு பேரும் அந்தக் கட்டத்தச் சேத்துக் காட்டறோம். சேத்துட்டா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"எடுக்கவே மாட்டியா? அப்ப டீல்லா! பாஸ், எழுதி வாங்கிக்குங்க இவகிட்ட. ஜென்மத்துக்கும் நிம்மதி."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். முதல் தடங்கல் ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கே வந்தது. பூட்டு அவர் பையில் இருந்தது. தோழி கையை நீட்டினாள். அவர் இல்லாத ஆளாகக் கூரையைப் பார்த்தார். "ஆளு இல்லாட்டி பையும் இல்லதானே?" என்று அவள் என்னைக் கேட்டாள். பாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்தார். அன்று முதல் முறையாக அவர் சிரிக்கவில்லை. "குடுத்துடு" என்றார்.

திறந்து பார்த்தோம். அண்ணன் தன் நிரலின் துண்டுகளுக்கெல்லாம் பசி வேளையில் பெயர் வைத்திருந்தார் போல. ரொட்டி1, ரொட்டி2, சம்பல், பழைய சம்பல். எது எதை அழைக்கிறது என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. பதினொரு மணிக்குக் கட்டத்தைச் சேர்த்துவிட்டோம். பிறந்த தேதிகள் காணாமல் போயின. அவற்றை மீட்டோம். இப்போது படங்கள் ஆள் மாறி வந்தன, அறுபது வயதுத் தாத்தாவின் பெயருக்கு நேரே ஒரு கைக்குழந்தை. நல்லவேளையாக நாங்கள் வேலை செய்தது பிரதியில். தோழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணன் கையிலிருந்த பேப்பர் பத்து மணியிலிருந்து ஒரே பக்கத்தில் இருந்ததை நான் கவனித்தேன். அவர் உதடு அசைந்தது, அடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் பேசாமல் போய்ப் பேசாமல் வந்தார்.

மூன்று பத்துக்கு அவர் எழுந்தார். "போதும், தள்ளுங்க. பத்து நிமிஷ வேலை இது."

நாங்கள் தள்ளினோம். மூன்று இருபது ஆனது, மூன்று ஐம்பது ஆனது. அவர் ரொட்டி1-இலிருந்து சம்பலுக்குப் போனார், சம்பலிலிருந்து ரொட்டி2-க்குத் திரும்பினார். கழுத்தில் வியர்வை இறங்கியது. நாலரை மணிக்கு நாற்காலியில் சாய்ந்து, "இந்தப் பழைய சம்பல் எதுக்கு இங்க வருது? எவன் எழுதுனான் இத?" என்றார்.

"நீங்கதான் அண்ணே," என்றாள் தோழி.

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கீழே சாலையில் ஒரு லோரி பின்னோக்கிப் போகும் சத்தம் கேட்டது. அண்ணன் கணினியின் பின்னால் கைவிட்டுப் பூட்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நான்கு மாதத்துக்கு முன்பு தன் கையால் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் ஒரு கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் பயம் வீண்பயம் என்று யாராவது காட்டிவிட மாட்டார்களா என்றுதான் அதுவரை உள்ளுக்குள் ஏங்கியிருந்தேன் போலிருக்கிறது.

திங்கட்கிழமை பாஸிடம் பேசியது நான் அல்ல, அண்ணன்தான். எல்லாவற்றையும் பழைய கறுப்புத் திரையில் புதிதாக எழுத வேண்டும் என்றார்.

"குடுத்து முடிச்ச சாமானத் திருப்பி வாங்கிச் செய்யறதா? எஸ்டேட்காரன் என்னடா கேப்பான்? படம் எங்கன்னு கேப்பான்."

"படம் இல்ல பாஸ்னு சொல்லுங்க. நான் எழுதுனது எனக்கே புரியல. நாளைக்கு நான் கேஎல் போயிட்டா இதுங்க ரெண்டும் என்ன பண்ணும்?"

"நீ ஏன் கேஎல் போறே?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஜனவரியிலிருந்து அவருக்குக் கோலாலம்பூரில் வேலை உறுதியாகியிருப்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாஸ் என் பக்கம் திரும்பி, "அந்தத் தாள் இன்னும் இருக்காம்மா?" என்றார். எண்ணெய்க் கறையோடு குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன்.

அடுத்த பத்து வாரங்கள் எங்களுக்கு ஒரே சட்டம்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. பதில் சொல்லத் துடித்தால், சொல்ல நினைத்ததை நிரலுக்குள்ளேயே விளக்கமாக எழுத வேண்டும். அண்ணனுக்கு அது நரகம். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமைகளில் டிரெஸ்ஸர் தான் மறுபடி சேர்த்துக் கட்டிய அட்டைகளைப் பிஸ்கட் டின்களில் கொண்டுவந்து, ஒவ்வொரு ரப்பர் பேண்டாகக் கழற்றி, இவர் இன்னார், இரண்டும் ஒன்று என்று சொல்லச் சொல்ல நாங்கள் ஏற்றினோம். சிவப்புக் கோடு உள்ளவர்களின் பட்டியலைத் தனியாகக் காகிதத்திலும் அச்சிட்டுக் கிளினிக் சுவரில் மாட்டச் சொன்னேன். கணினி திறக்காத ஒரு நாள் எப்படியும் வரும்.

டிசம்பர் கடைசி வாரம் கிளினிக்குக்குப் பின்னால் அட்டைகளைக் கொளுத்தினார்கள். நான் போய் நின்றேன். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். இருந்தும் புகை ஏற ஏற, ஏதோ ஓர் அட்டையை விட்டுவிட்டோம், அது இப்போது எரிகிறது என்றே தோன்றியது. அதே வாரம் அண்ணன் ஆபீசில் விடைபெற்றார். சாவி வளையத்திலிருந்து பூட்டைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "வச்சுக்க இன்ஸ்பெக்டர். பாக்கெட்டுக்குப் பாரம் கொறஞ்சிது."

அடுத்த வருடம் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அந்த வாரம் காய்ச்சலாகக் கிடந்து எழுந்திருந்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே புதிய டிரெஸ்ஸரைத் திட்ட ஆரம்பித்தார்.

"பழையவரு மாதிரி இல்லடி இவன். பயந்தாங்கொள்ளி. தொண்டையில புண்ணு, ஊசி போடுறேன்னு சிரிஞ்சில மருந்தெல்லாம் ஏத்திட்டான். அப்புறம் பேரத் தட்டிட்டு அந்தப் பொட்டியப் பாத்தான். என்னப் பாத்தான். ஊசியக் கீழ வச்சிட்டான். வெறும் மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டான்."

"என்ன பேரும்மா சொன்ன?"

"பேர எங்க கேட்டான்? ஐசியக் குடுன்னான், குடுத்தேன்."

நான் கை கழுவ எழுந்து பின்பக்கம் போனேன். ஐசியில் இருப்பது முனியம்மா, முதலில் சிவப்புக் கோடு இல்லாமல் போன பெயர். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் ஆபீசிலிருந்து கேஎல்லுக்குப் போன் செய்து அண்ணனிடம் சொன்னேன்.

அந்த எஸ்டேட் இப்போது வீட்டுத் தொகுதியாகிவிட்டது. கிளினிக் இருந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். அது மூடப்படும் வரை எங்கள் கறுப்புத் திரை ஓடியது. நானும் தோழியும் வேறு வேலைக்குப் போன பிறகு, நான் பார்த்தேயிராத ஆட்கள் அதில் கட்டங்களைச் சேர்த்திருக்கிறார்கள். யாரும் எனக்குப் போன் செய்து ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

போன மாதம் அண்ணன் மலாக்காவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பேனா கேட்டார், நான் இழுப்பறையைத் திறந்தேன். அந்தச் சாம்பல் துண்டை அவரே எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? எதோட பார்ட்?"

மாதக்கணக்கில் தன் சாவியோடு சேர்த்துச் சுமந்த பொருள். தன் கையால் ஓட்டை போட்டது. அவர் அதைக் கவிழ்த்துக் காகிதத்தைப் படித்தார். முதலில் சிரித்தார். "இன்ஸ்பெக்டர், இதுக்குமா லேபிள்?" பிறகு சிரிப்பு நின்றது. ஓட்டையின் தேய்ந்த ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே, "அம்மா எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

அம்மா அடுத்த அறையில்தான் இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இப்போது அவரைப் பார்ப்பது தெங்கேராவில் ஒரு தனியார் கிளினிக். அங்கே எந்த மென்பொருள் ஓடுகிறது, அதை யார் மாற்றுகிறார்கள், எஸ்டேட்டுக் கணினியில் இருந்தது எதுவும் அங்கே வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அதனால் அம்மாவின் கைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். இரண்டு பெயரும் எழுதி, குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அது இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன்.

"யாரு, மெர்லிமாவ் தம்பியா?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நீயாச்சும் சொல்லு தம்பி இவகிட்ட. நாலு நாளா இருமறேன். ஒரு ஊசி போட்டா நாளைக்கே சரியாப் போயிடும். விடமாட்டேங்கிறா."

அண்ணன் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. பூட்டை, எழுதிய பக்கம் மேலே தெரியும்படி, எடுத்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினார். அவர் போன பிறகு நான் அதைத் திறந்து இன்னொரு முறை பார்த்தேன். எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. புதிதாக எழுதி ஒட்டினேன்.